பேட்டரி நிற்காத கேமரா

பிப்ரவரி 3, 2013, ஞாயிறு

இது உரக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாழைக்குப் பொட்டாஷ் எப்போது வைப்பது, கத்தரியில் காய்ப்புழு வந்தால் என்ன தெளிப்பது என்று ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். எங்களுக்குச் சின்னமனூரில் இந்த வீடு நிற்கிற இடத்தைத் தவிர ஒரு அடி மண் கிடையாது. என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஆனாலும் சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, வாங்கி வந்து போட்டுவிட்டார். நான் எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டேன். அங்கே அவர் கை விடமாட்டார். ஊசி குத்தும் என்று பயம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள் சுகந்திக்கு மாசிக் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். நடக்காது. போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் அவள் மதியழகன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போய்விட்டாள். அவன் வேறு சாதி. அதைவிடப் பெரிய குற்றம், அவன் இவரிடமே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன். "கிளட்ச்ச மெதுவா விடுறான்னு சொல்லிக் குடுத்தேன். மெதுவா விட்டு எம் பொண்ணையே கூட்டிட்டுப் போயிட்டானே" என்று அன்றைக்குக் கத்தினார். அப்புறம் பாத்ரூமுக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து, மகளைத் தலை முழுகியாகிவிட்டது என்றார். ஆல்பத்தில் இருந்த அவள் படங்களை எல்லாம் கிழித்தார். அவள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் திண்டுக்கல்லுக்குப் போனால் திரும்ப இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாதாம்.

நான் போகத்தான் போகிறேன். பிறக்கிற பிள்ளையைப் படம் பிடித்துக் கொண்டுவந்து இவர் முகத்துக்கு நேராக நீட்டத்தான் போகிறேன். காகிதப் படம் என்றால் கிழித்துவிடுவார். கேமராவை எப்படிக் கிழிப்பார்? அவர் ஆசைப்பட்டு வாங்கிய கேமரா. உடைக்கவும் மனசு வராது.

பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தேன். பட்டனை அமுக்கினால் உயிரில்லை. பேட்டரி செத்துக் கிடக்கிறது.

பிப்ரவரி 4, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முக்குக் கடையில் பென்சில் பேட்டரி ஒரு ஜோடி வாங்கினேன். போட்டதும் கேமரா டிங் என்று முழித்துக்கொண்டது. உள்ளே சுகந்தியின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவர் ஆல்பத்தைக் கிழித்த அன்று, "கேமராவுல உள்ளதையும் அழி" என்றார். "அழிச்சாச்சு" என்று சொல்லி வைத்திருந்தேன். கேமரா விஷயத்தில் அவர் ஒரு வெங்காயம், வாங்கவும் படம் எடுக்கிற பட்டனை அமுக்கவும் தெரியுமே தவிர வேறு ஒரு பட்டன் தெரியாது. அதனால் நம்பிவிட்டார்.

தண்ணீர்க் குடத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். நன்றாக விழுந்தது. அணைத்து, புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வியாழன்

செத்துவிட்டது. ஒரே ஒரு குடம்தான் எடுத்தேன். அதற்குள் எப்படித் தீரும்? முக்குக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "எத்தன வருசமாக் கடையில தொங்குன பேட்டரிக் கட்டைப்பா இது?" "டீச்சர், போன வாரம் வந்த சரக்கு டீச்சர், கேமரா சரியில்லாம இருக்கும்" என்று என் தலையிலேயே திருப்பிப் போட்டான்.

பிப்ரவரி 9, சனி

டார்ச் கட்டை தீர்ந்தால் வெயிலில் வைப்போமே, அது போல மொட்டை மாடியில் வற்றல் காயப் போட்ட துணியின் ஓரத்தில் அந்த இரண்டையும் வைத்தேன். சாயந்திரம் எடுத்துக் கேமராவில் போட்டேன். பிழைக்கவில்லை. அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன்.

மின்வெட்டு இன்றைக்கும் பாதிப் பொழுது. இவர் முன்னறையில் விசிறிக்கொண்டே உட்கார்ந்து, கரண்டுக்காரனில் ஆரம்பித்து கவர்மெண்ட் வரைக்கும் திட்டித் தீர்த்தார்.

பிப்ரவரி 12, செவ்வாய்

அதிசயம். கேமரா இன்றைக்குத் தானாக வேலை செய்கிறது! வெயிலின் உயிர் மெதுவாகத்தான் ஏறும் போலிருக்கிறது. படம் பார்க்கிற பட்டனை அமுக்கினேன். குடம் வரவில்லை, சுகந்தியின் படம் வந்தது. எல் போர்டு மாட்டிய காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பயமும் சிரிப்புமாக அவள் உட்கார்ந்திருக்கிற படம். அவளுக்குப் பதினெட்டு முடிந்த அன்று எடுத்தது. எடுத்தவர் இவர்தான். ஓரத்தில் அவருடைய விரல் நுனியும் விழுந்திருக்கும்.

இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை, அணைந்துவிட்டது.

டிவி ரிமோட்டும் இன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை. சாதாரண நாளாக இருந்தால் வீடே இரண்டுபடும். செய்தி நேரத்தில் ரிமோட் படுத்தியதற்கு இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து போய் டிவியிலேயே பட்டனை அமுக்கிக்கொண்டார். வயசாகிறது, அடங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வியாழன்

குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

பேட்டரி போடுகிற மூடியைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே தகட்டில் மஞ்சளும் சிவப்புமாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தால் சந்தனம். ஆயுத பூஜைக்குக் காரிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிற வீடு எங்களுடையது. இவர் கை தாராளம். கார் கண்ணாடியில் பொட்டு வைத்தால் டிரைவருக்கு ரோடு தெரியாது. கேமராவுக்கும் அப்படித்தான் குழைத்து அப்பியிருக்கிறார், அது மூடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

ஊசியால் சுரண்டி, அழி ரப்பரால் தேய்த்து, பஞ்சால் துடைத்தேன். தகடு பளபள என்று வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்து மல்லிகா டீச்சரைத் தேனியிலிருந்து நல்ல பேட்டரியாக வாங்கி வரச் சொல்லி அதையும் போட்டுவிட்டேன். இனி நிற்கும்.

ஒன்றுதான் புரியவில்லை. போன ஆயுத பூஜைக்கு நான் கேமராவைப் பீரோவிலிருந்து எடுக்கவே இல்லை. சந்தனமோ அவ்வளவு பழசாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 16, சனி

லேகியம் கிளறினேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியம் என்பது தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் வேறு வழியில்லை.

இவர் வந்து அடுக்களை வாசலில் நின்றார்.

"என்னா வாசம்?"

"இருமலுக்கு மருந்து."

"யாருக்கு இருமல்?"

"ஒங்களுக்குத்தான். இப்பல்லாம் இருமுறீங்கல்ல."

திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து முன்னறையிலிருந்து இரண்டு தடவை இருமல் சத்தம் கேட்டது. இந்த மனுஷன் இருமி நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிப்ரவரி 18, திங்கள்

மறுபடியும் செத்துவிட்டது. தேனி பேட்டரி, தேய்த்த தகடு, ஒன்றும் உதவவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். போடமாட்டேன். அந்தக் கேமராவா நானா என்று பார்த்துவிடுகிறேன்.

இவருடைய மூக்குக்கண்ணாடி கட்டில் மேலே கிடந்தது. பேப்பர் படிக்கிற கண்ணாடியை முன்னறையில் வைக்காமல் படுக்கிற இடத்தில் போட்டால் ஒரு நாள் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார். எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

பிப்ரவரி 20, புதன்

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சுகந்திக்குப் போன் போட்டேன். வீட்டிலிருந்து போட முடியாது. கால் வீங்கியிருக்கிறதாம், மற்றபடி நன்றாக இருக்கிறாளாம். கேமரா படுத்துகிற பாட்டைச் சொன்னேன். "இரும்மா, அவரு பாலிடெக்னிக்ல இந்த வேலதான பாக்குறாரு, கேளு" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

நான் அந்தப் பையனோடு இதுவரைக்கும் நல்லா இருக்கியா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. அவனும் பயந்துகொண்டே, "சொல்லுங்கத்தை" என்றான். எல்லாவற்றையும் கேட்டான். மூடி சரியாக மூடுகிறதா, லென்ஸ் உள்ளே போகிறதா, எத்தனை படம் எடுத்தீர்கள் என்றெல்லாம். திட்டாமல், அவசரப்படாமல் கேட்டான்.

"சாதாக் கட்டை கேமராவுக்கு அவ்வளவு தாங்காதுதான் அத்தை. ஆனா ஆஃப் பண்ணி வச்சா இப்படித் தீராது. அந்தத் திரையத்தான் அது நிறையத் திங்கும். ரொம்ப நேரம் படம் பாத்தா தீரும். நீங்க தெனம் பாப்பீங்களா?"

"நான் எங்க பாக்குறேன்? பட்டன அமுக்குனா எப்பவும் ஒரே படத்துல வந்து நிக்கிது. சுகந்தி எல் போர்டு காருல உக்காந்திருக்கா பாரு, அது."

"நீங்க கடைசியா பாத்த படம் அதா அத்தை?"

"இல்லப்பா. நான் கடைசியாப் பாத்தது தண்ணிக் கொடம்."

கேமரா எந்த மாடல் என்று கேட்டான், சொன்னேன்.

"அத்தை, அந்த மாடல் கேமரா தானாப் போயி ஒரு படத்துல நிக்காது. கடைசியா எதப் பாத்து மூடினமோ, அதுலதான் தெறக்கும்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பையன். சொல்லாமல் விடவும் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

பிப்ரவரி 21, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பினேன். தலைவலி எல்லாம் இல்லை.

காலையில் ஒரு வகுப்பு, சாயந்திரம் ஒரு வகுப்பு, மத்தியானம் அவர் ஸ்டாண்டில் சீட்டாடிக்கொண்டிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கார் வீட்டு முன்னால் நின்றது. பின்பக்கமாகப் போய்ப் படுக்கை அறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, வெளிச்சம் அடிக்காமல் அப்படியும் இப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டன் தெரியாத மனுஷனாம். விரல் அது பாட்டுக்கு அமுக்கிக்கொண்டு போகிறது. ஒரு படத்தில் வந்து விரல் நின்றது. அதற்கு மேல் அமுக்கவில்லை.

கேமரா அணைந்தது. மூடியைத் திறந்து, இரண்டு கட்டையையும் எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிச் சூடு பண்ணி, திரும்பப் போட்டார். திரை எரிந்தது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். மறுபடியும் அணைந்தது. மறுபடியும் உருட்டினார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு என்னையும் அவளையும் ஒன்றரை வருஷமாக அழவிட்டாரே, பாவி மனுஷன். அந்த இடத்திலேயே உள்ளே புகுந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கட்டையை உருட்டுகிற கையைப் பார்த்ததும் ஜன்னலை விட்டு வந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் போய், கேட் தாழ்ப்பாளை ஊருக்கே கேட்கிற மாதிரி ஆட்டினேன். பீரோ பூட்டுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் ஆட்டினேன்.

"என்னா இந்நேரமே வந்துட்ட?" என்றார்.

"தலவலி. நீங்க என்னா?"

"எனக்கும் லேசா இருமலு" என்றார்.

பிப்ரவரி 25, திங்கள்

சார்ஜ் ஏற்றுகிற பேட்டரியும் சார்ஜரும் வாங்கிவிட்டேன். வீட்டில் ஏற்றினால் கரண்டு இருக்காது, இருந்தாலும் அவர் கண்ணில் படும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் சொருகி வைத்து ஏற்றினேன். "யாருக்கு டீச்சர், பேரப்புள்ளைக்குப் பொம்மையா?" என்று மல்லிகா டீச்சர் கேட்டாள். "இல்ல, வீட்டுல ஒரு பெரிய புள்ள இருக்கு" என்றேன்.

சாயந்திரம் முழுச் சார்ஜோடு கேமராவுக்குள் போட்டுப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வியாழன்

இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஒன்று பீரோவில், ஒன்று பள்ளிக்கூடத்தில். கேமரா இப்போது சாவதே இல்லை.

மார்ச் 1, வெள்ளி

சாப்பிடும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இப்பத்தான் கட்டை நல்லா நிக்கிது" என்றார்.

"எந்தக் கட்டை?"

ரசம் தட்டைத் தாண்டி ஓடியது. "ரிமோட்டுக் கட்டை" என்றார்.

ரிமோட்டிலிருந்து அவர் கேமராவுக்கு உருவின கட்டைக்குப் பதில் யாரும் இன்னும் வேறு போடவில்லை.  துணியை எடுத்து ரசத்தைத் துடைத்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

நாள் பூராவும் ஒரே யோசனை. எழுதினால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளையைப் படம் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினால் இந்த மனுஷன் மசிந்துவிடுவார் என்றுதானே கேமராவோடு மல்லுக்கட்டினேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நீட்டினால் என்ன ஆகும்? மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். நான் பள்ளிக்கூடம் போனதும் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளை குப்புற விழுந்ததை, தவழ்ந்ததை, நடந்ததை எல்லாம் நான் படம் பிடித்துப் பிடித்துக் கொண்டுவந்து பீரோவில் வைப்பேன். பேட்டரியும் நானே ஏற்றி வைப்பேன். அவருக்கு வீம்பும் குறையாது, மகளும் குறையாது. எதற்காக அவர் திண்டுக்கல்லுக்கு வரப்போகிறார்? சுகந்தி படத்தில்தான் இருப்பாள். படத்தில் இருக்கிறவள் வாசலில் வந்து அப்பா என்று கூப்பிட முடியுமா?

நான் ரிப்பேர் பார்த்ததே தப்பான சாமானை.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர். அவருக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கு மட்டும் வீம்பு தெரியாதா?

மார்ச் 9, சனி

காலையில் போன் வந்தது. வலி எடுத்துவிட்டதாம். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார், சொன்னதையே இரண்டு தடவை சொன்னார். "பயப்படாதீங்க, நான் வந்துருவேன்" என்றேன்.

கேமராவையும் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சுகந்திக்கு வலி எடுத்துருச்சு. நான் போறேன். வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னா, திரும்பி வரும்போது கொல்லப்பக்கமா வந்துக்கிறேன்."

பேப்பர் இறங்கவில்லை.   செருப்பை மாட்டிவிட்டேன், கேட்டைத் திறந்துவிட்டேன். பின்னால் கார்ச் சாவி குலுங்கியது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடுறேன். அதுக்கு மேல கேக்காத."

 நாற்பதுக்கு மேல் போகாதவர் இன்றைக்கு ஆரன் அடித்துக்கொண்டே போனார். திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டாகப் பார்த்து என் பையைப் போட்டு இடம் பிடித்தார். இறங்கிப் போனவர், பஸ் நகரும்போது ஜன்னல் பக்கம் வந்தார்.

"அந்த இருமல் மருந்த எடுத்துக்கிட்டியா?" என்றார்.

எடுத்துக்கொண்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். 

மார்ச் 10, ஞாயிறு

பெண் குழந்தை. விடிகிற நேரத்தில் பிறந்தாள். சுகந்தி நல்லபடியாக இருக்கிறாள். பிள்ளைக்கு இவருடைய நெற்றி. ஏறு நெற்றி. அழும்போது புருவத்தைச் சுளிக்கிறது, சிக்னலில் குறுக்கே போகிறவனைப் பார்த்து இவர் சுளிக்கிற அதே சுளிப்பு. சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவருக்குப் போன் செய்தேன். எடுத்தார், பேசவில்லை. "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்காக" என்றேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டார்.

மார்ச் 16, சனி

வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று நாளாகிறது. சின்ன வீடு. சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை விடிந்ததும் வெந்நீர் போட்டுவிடுகிறார், துணி அலசிப் போடுகிறார். என் வீட்டுக்காரர் என் பிரசவத்தின்போது செய்யாத வேலை எல்லாம் மாப்பிள்ளை செய்கிறார். நான் ஆசை தீரப் படம் எடுத்தேன். குளிப்பாட்டும்போது, கொட்டாவி விடும்போது, மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கும்போது. பேட்டரி அசையவே இல்லை.

நாளைக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் பள்ளிக்கூடத்தில் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். அதுவரைக்கும் மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்துக்கொள்வார்கள். பை கட்டும்போது கேமராவைச் சுகந்தியிடம் கொடுத்தேன்.

"என்னம்மா, அப்பாகிட்டக் காட்ட வேணாமா?"

"வேணாம்."

"இதுக்குத்தான ரிப்பேரு ரிப்பேருன்னு கெடந்த?"

"காட்டுனா அதோட போயிரும்டி. உங்கப்பாவுக்குப் படமே போதும்னு ஆயிரும். இது இங்கயே இருக்கட்டும்."

ஜன்னலில் பார்த்ததைச் சொன்னேன். எல் போர்டு படத்தைச் சொன்னேன். கட்டையை உருட்டியதைச் சொன்னேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் அழுதாள். பிள்ளை பெற்றவள் அழக் கூடாது என்று அதட்டிவிட்டு நானும் அழுதேன்.

"வரலைன்னா, அம்மா? இருந்த படமும் அப்பாவுக்கு இல்லாமப் போயிருமே?"

 "வருவாரு" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

வந்துவிட்டேன். வாசப்படி வழியாகத்தான் வந்தேன். கதவைத் திறந்து வைத்திருந்தார். வாசலில் தண்ணீர்கூடத் தெளித்திருந்தது. என் பையைத்தான் பார்த்தார்.

மார்ச் 18, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்து பீரோவைத் திறந்தேன். என் பட்டுப் புடவைகள் எல்லாம் தலைகீழாக மடிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து உதறித் தேடியிருக்கிறார். இந்த மனுஷனுக்குப் புடவை மடிக்க வராது.

மார்ச் 20, புதன்

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டி பழக வந்த பெண்ணைத் திட்டி அழவைத்துவிட்டாராம், அவள் அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை நான்தான் ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்று படுத்தால் தூக்கம் வரவில்லை. ஆனாலும் இறங்கியாகிவிட்டது. இவர் கேட்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

மார்ச் 22, வெள்ளி

கேட்டுவிட்டார்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து தூணில் சாய்ந்து நின்றார்.

"பீரோவுல ஒரு சாமான் இருந்துச்சே."

"என்னா சாமான்?"

"அதான்... கேமரா."

"அது எதுக்கு ஒங்களுக்கு?"

"லைசென்சுக்குப் போட்டோ எடுக்கணும். ஆள் வந்து நிக்கிது."

"ஸ்டூடியோவுக்கு அனுப்புங்க."

"அது எங்கன்னு கேட்டா சொல்லேன்."

"திண்டுக்கல்ல இருக்கு. ஒங்க மக வீட்டுல."

அவர் வெளியே போகவில்லை. ஒங்க மக என்று சொல்லியும் போகவில்லை. நான் நறுக்கிக்கொண்டே இருந்தேன். கத்தரிக்காயை எந்த லட்சணத்தில் நறுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

"எப்பக் கொண்டாருவ?"

"நான் ஏன் கொண்டாரணும்? வேணுங்கறவுக போயி எடுத்துக்கட்டும்."

"அதுல... எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு சொன்ன" என்றார். 

"ஆமா. சொன்னேன்" என்றேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துபோயிற்று.

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் இருந்த எல் போர்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கல்யாணத்துக்குப் போகிற சட்டை.

"கெளம்பு. கேமராவ வாங்கிட்டு வந்துருவோம். வெல ஒசந்த சாமான், கண்ட எடத்துல போட்டு வைக்க முடியாது" என்றார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்ற ஓடினேன்.

வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்தி ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழம், இரண்டு சீப்பு பழம், சாத்துக்குடி என்று பின் சீட்டு நிறைய வாங்கினார். கேமரா வாங்கப் போகிறவருக்கு இவ்வளவு பழம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊர் நெருங்க நெருங்க வண்டியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. அந்தத் தெருமுனையில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

வாசலில் மாப்பிள்ளை நின்றார். இவரைப் பார்த்ததும் கையில் இருந்த வாளியை வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். இவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நிறுத்தியிருந்த பைக்கைப் பார்த்தார்.

"கிளட்ச் கேபிள் தொங்குது. இதெல்லாம் பாக்க மாட்டியா? பச்சப்புள்ள இருக்கற வீடு, அவசரத்துக்கு வண்டி எடுக்கணும்ல?"

"இன்னிக்கே மாத்திர்றேன் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"மாத்து" என்றார் இவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சுகந்தி கட்டிலில் இருந்து எழப் பார்த்தாள். "எந்திரிக்காத, எந்திரிக்காத" என்று கையை ஆட்டினார். நாற்காலி நுனியில், முதல் நாள் வண்டி பழக வந்த ஆள் மாதிரி, முதுகு நிமிர்ந்து, கை இரண்டையும் தொடை மேல் வைத்து உட்கார்ந்தார். சுகந்தி மெல்ல எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டாள். அவர் கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் மெல்லப் பிள்ளையின் தலைக்குக் கீழே போயிற்று. பிள்ளை புருவத்தைச் சுளித்து அவரைப் பார்த்தது.

"என்னைய மொறைக்கிறா பாரு" என்றார் சுகந்தியிடம். அவளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. சுகந்தி "அப்பா" என்றாள்.  அவர் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அவள் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. நானும் மாப்பிள்ளையும் அடுக்களைக்குள் போய்விட்டோம். போட்ட காப்பியையே இரண்டாம் தடவை போட்டோம்.

கடைக்குப் போயிருந்த மாப்பிள்ளையின் அம்மா வந்து சமைத்துப் போட்டார்கள், மத்தியானம் சாப்பிட்டோம். சாயந்திரம் வரைக்கும் இருந்தோம். கேமரா அந்த வீட்டு டிவிக்கு மேலே, நடு வீட்டில் இருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். யாரும் அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தி, கேட்டைப் பூட்டினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க கேமரா?" என்றேன்.

"அடடா" என்று நின்றார். சட்டைப் பையைக்கூடத் தடவிப் பார்த்தார். "மறந்துட்டமே. சரி விடு, அடுத்த ஞாயித்துக்கெழம போயி எடுத்துக்கிட்டு வருவோம்."